அயர்லாந்தும் வடகிழக்கும்

மன்னார்ப் பெருநிலப் பகுதியின் வடகோடியில் வெள்ளாங்குளம் என்றோர் ஊர் உண்டு. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவ்வூரினூடாகச் செல்கிறது. துணுக்காய்ப் பக்கம் பிரியும் சாலையும் அங்கிருந்தே புறப்படுகிறது. இன்னும் சிறிது வடக்கே நடந்தால் மன்னார் மாவட்டம் முடிந்து கிளிநொச்சி மாவட்டம் தொடங்கிவிடும். எல்லையூர்களில் வாழ்பவர்களுக்கு ஓருண்மை எளிதிற் புலப்படும். எல்லை என்பது நிலத்தின் மேல் இல்லை. கச்சேரியிலுள்ள தாள்களிலேதான் இருக்கிறது. கோட்டுக்கு இப்புறம் மேய்ந்த மாடு அப்புறமும் மேயும். ஆயினும் தாளிலுள்ள கோடுகளுக்காக மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள், உயிரை எடுத்துமிருக்கிறார்கள். மன்னார் மாவட்டத்தில் விடுதலைப் புலிகள் வசம் எஞ்சியிருந்த கடைசித் தளமாகிய வெள்ளாங்குளம் 2008 ஓகஸ்ட் தொடக்கத்தில் இராணுவத்தினர் கைக்குப் போயிற்று. அதன்பின் ஒன்பது திங்கள் கழித்து முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னோம்? போர்தான் முடிந்தது. வடக்கும் கிழக்கும் ஒரே ஆட்சியலகாதல் வேண்டும் என்ற கோரிக்கை முடியவில்லை. அக்கோரிக்கையின் பெயரால் நம்மவர் செய்த கொலைகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வியும் முடியவில்லை. இவ்விரண்டையும் தனித்தனியே பேசுவதில் நாம் வல்லவர்களாகிவிட்டோம். மேடையில் முதலாவதைப் பேசுகிறோம்; வீட்டுத் திண்ணையில், குரலைத் தாழ்த்தி, இரண்டாவதைப் பேசுகிறோம். இரண்டையும் ஒரே மூச்சிற் பேசவேண்டிய நிலைக்கு உள்ளான வேறொரு தீவு உலகில் உண்டு. அது அயர்லாந்து.

அயர்லாந்து நமக்குப் புதிய பெயரன்று. 1916 இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தொடங்கிய இயக்கத்துக்கு இட்ட 'ஹோம் ரூல்' என்ற பெயர் அயர்லாந்திலிருந்து இரவல் பெற்றது. பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி 1913 முதல் 1916 வரை டப்ளினிற் சட்டம் பயின்றவர். இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்த ஆணைக்குழுவின் தலைவர் டொனமூர் பிரபுவும் அயர்லாந்துப் பிரபுக் குடும்பத்தில் வந்தவரே. 1981 மே மாதத்தில் பொபி சான்ட்ஸ் என்னும் இளைஞர் 66 நாள் உண்ணாதிருந்து சிறையில் மாண்டார். 1987 செப்டெம்பரில் திலீபன் நல்லூரில் நீரும் அருந்தாது கிடந்து பன்னிரண்டாம் நாள் மாண்டார். இவ்விரு மரணங்களையும் சேர்த்து நினைத்துக் கண்ணீர் விடுவது இயல்பே. ஆனால் ஒப்புமை எளிதாகக் கிடைக்கும் இடத்திலேதான் எச்சரிக்கை வேண்டும். நம்முடைய பேச்சாளர்கள் அயர்லாந்தின் பாதிக் கதையைத்தான் கொண்டுவருகிறார்கள். வீரரும் விரதமும் உடன்படிக்கையும் வருகின்றன. மற்றப் பாதி கப்பலேறுவதில்லை.

அந்த மற்றப் பாதி இது. அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது மாவட்டங்களுள் ஆறினைப் பிரித்து 1921 இல் வட அயர்லாந்து அமைக்கப்பட்டது. அங்கே பெரும்பான்மையினரான புரட்டஸ்தாந்தர் பிரித்தானியாவுடன் இருக்கவே விரும்பினர். எஞ்சிய அயர்லாந்து அவ்வாண்டு டிசம்பரில் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் ஏறக்குறைய விடுதலை பெற்றது. பெற்ற மறு ஆண்டே, ஒப்பந்தத்தை ஏற்றவரும் ஏற்காதவருமாகப் பிரிந்து விடுதலை வீரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்றனர். ஒப்பந்தத்திற் கையெழுத்திட்ட மைக்கேல் கொலின்ஸ் 1922 ஓகஸ்ட் 22 இல் மாண்டது ஆங்கிலேயனுடைய குண்டினால் அன்று. பின்னர் 1960களின் இறுதியில் வட அயர்லாந்தில் மூண்ட தீ முப்பது ஆண்டுகள் எரிந்தது. 3,500 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கினரைக் கொன்றவர்கள் குடியரசுவாத ஆயுதக் குழுவினர். பிரித்தானியப் படை செய்த கொலைகள் இல்லையா? உண்டு. 1972 ஜனவரி 30 இல் டெரி நகரில் ஊர்வலம் சென்றவர்களில் பதின்மூவர் அன்றே சுட்டுக் கொல்லப்பட்டனர். அது நியாயமற்றது என்று பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து சொல்ல 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் எவரைக் காப்பதாகச் சொல்லித் துப்பாக்கி ஏந்தினார்களோ அந்தக் கத்தோலிக்கர் பலரும் அதே துப்பாக்கியால் மாண்டார்கள். பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மக்கொன்வில் 1972 டிசம்பரிற் கடத்தப்பட்டார். அவருடைய எலும்புகள் ஒரு கடற்கரை மணலிலிருந்து கிடைத்தது 2003 இல்.

ஆயுதத்தின் பக்கம் நின்று வாதிப்பவர்களை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர்களுடைய வாதத்துக்கு அடிப்படை உண்டு. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கையைப் பாருங்கள். வடமாகாணத்துக்கு ஒரு பிரதேச சபை. கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. அச்சபைகள் மாகாண எல்லையையும் கடந்து ஒன்றுசேர இடமுண்டு. எத்துணைச் சிறிய கோரிக்கை! மறு ஆண்டு ஏப்பிரலில் அது கிழிக்கப்பட்டது. 1965 இல் டட்லி சேனநாயக்கா ஒப்பிய மாவட்ட சபைகளும் வரவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலை வந்தது. அதன்பின், ஆயிரக்கணக்கான இளைஞர் ஆயுதமேந்திய பிறகு, 1987 ஜூலை 29 இல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேதான் 'வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம்' என்ற சொற்கள் அரசாங்கத்தின் எழுத்தில் வந்தன. "சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை, சுட்டுப் பார்த்தோம், கேட்டார்கள்" என்பது அவர்களுடைய தருக்கம். இந்தத் தருக்கத்தைப் பட்டிமன்றத்திற் கைதட்டலால் வெல்லலாம். ஆராய்ந்து வெல்வதே கடினம்.

ஆராய்வோம். 1988 செப்டெம்பரில் இரு மாகாணங்களும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. நவம்பரில் 71 உறுப்பினர் கொண்ட சபை தெரிவாயிற்று. வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். ஆனால் ஆயுதப் போராட்டத்தின் பயனாக வந்த அந்தச் சபையை முதலில் எதிர்த்துச் சுட்டவர்களே ஆயுதம் ஏந்திய மற்றத் தமிழர்கள்தாம். 1986 இல் டெலோ இயக்கத்தை அழித்த கை, 1989 ஜூலையிற் கொழும்பில் அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் கொன்றது. 1990 ஜூனிற் சென்னையிற் பத்மநாபாவையும் தோழர்களையும் கொன்றது. கொலின்ஸைக் கொன்ற குண்டு எங்கிருந்து வந்தது என்று மேலே சொன்னோம். அதை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். சபை 1990 இற் கலைந்தது. இணைப்பு மட்டும் பெயரளவில் 2006 வரை நீடித்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 16 இல் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. எந்தக் காரணத்தால்? ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் ஓய்ந்த பின்னரே இணைப்புப் பிரகடனம் செய்யலாம் என்று மாகாண சபைச் சட்டம் விதித்திருந்தது. அந்த நிபந்தனையை ஜனாதிபதி ஜயவர்த்தனா அவசரகால விதி கொண்டு மாற்றியது தவறு என்பது தீர்ப்பு. அதாவது, ஆயுதத்தாற் கிடைத்தது எனப்படும் இணைப்பு, ஆயுதம் கீழே வைக்கப்படாத காரணத்தாலேயே சட்டத்தின் முன் நிற்காது வீழ்ந்தது. வழக்குப் போட்டவர்களின் நோக்கம் நல்லதென்று நாம் சொல்லவில்லை. காரணம் அவர்களுக்குக் கிடைக்கும்படி கிடந்தது என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்லிவிட வேண்டும். கிழக்கு மக்கள் இணைப்பை விரும்புகிறார்களா என்று 1988 டிசம்பர் 31 க்கு முன் வாக்கெடுப்பு நடத்துவது என்றும், அதனை ஜனாதிபதி ஒத்திப்போடலாம் என்றும் 1987 ஒப்பந்தம் கூறியது. ஆண்டுக்காண்டு அது ஒத்திப்போடப்பட்டது. தமிழ்த் தரப்பு அதற்காக வருந்தவில்லை, உள்ளூர மகிழ்ந்தது. வாக்கெடுப்பை அஞ்சினோம். ஏன் அஞ்சினோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அச்சத்தின் காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கு மாகாணத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் தமிழர். 37 பேர் முஸ்லிம்கள். 23 பேர் சிங்களவர். அங்கே எவரும் பெரும்பான்மையினர் அல்லர். முஸ்லிம்களின் ஒப்புதலின்றி இணைப்பு என்பது கணக்கிலேயே வராது. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் என்ன தெரியும்? கிழக்கிலே நூற்றுக்கு 37 ஆக இருப்பவர், இணைந்த மாகாணத்தில் ஏறத்தாழ 23 ஆகக் குறைவர். தமிழர் இலங்கை முழுவதிலும் சிறுபான்மையினராய் இருந்து அஞ்சும் அச்சத்தை, இணைந்த மாகாணத்தில் முஸ்லிம்கள் அஞ்சுவர். இதனை விளங்கிக்கொள்ள நம்மைவிடத் தகுந்தவர் உலகில் யாருளர்?

முன்னொரு காலத்தில் இதனை விளங்கிக்கொண்டும் இருந்தோம். தமிழரசுக் கட்சியார் 'தமிழர்' என்று சொல்லாது 'தமிழ் பேசும் மக்கள்' என்று சொன்னது வெறும் சொல்லலங்காரமன்று. 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் அக்கட்சியின் பெயரால் வென்றவர்கள் முஸ்லிம்கள். 1961 சத்தியாக்கிரகத்தில் இரு சமூகத்தாரும் ஒருங்கே அமர்ந்தனர். பின்னாளில் முஸ்லிம் காங்கிரசை நிறுவிய அஷ்ரப், 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக மேடையேறியவர். மொழி ஒன்று என்பதே இணைப்பு வாதத்தின் தூண்.

அந்தத் தூணைச் சாய்த்த இடம் மன்னார். 1990 ஓகஸ்ட் 3 இற் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்கள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். மன்னார்த் தீவிலே எருக்கலம்பிட்டி, தாராபுரம்; பெருநிலத்திலே விடத்தல்தீவு; தெற்கே முசலிப் பகுதி; எல்லா ஊர்களும் சில நாட்களில் வெறுமையாயின. மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவார் பலர் வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். எருக்கலம்பிட்டியார் பாய் பின்னுவதிற் பேர்பெற்றவர்கள். எத்தனை தமிழ் வீடுகளில் அந்தப் பாய்களில் மணமக்களை இருத்தியிருப்பார்கள்! வெளியேற்றியவர்கள் பேசியதும் தமிழ். வெளியேற்றப்பட்டவர்கள் விடைபெறாமலே சென்றபோது அழுததும் தமிழ். புத்தளத்து அகதிக் குடிசைகளிற் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே மணம் முடித்த ஒரு தலைமுறைக்கு மன்னார் என்பது பாட்டி சொன்ன கதை.

இதற்கு மறுமொழியாக வீரமுனையைச் சொல்வார்கள். சொல்லட்டும். 1990 ஓகஸ்டில் அங்கே கோயிலிற் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவற் படையினருக்கும் பங்குண்டென்பதைக் கிழக்குத் தமிழர் மறந்திலர், மறக்கவேண்டியதும் இல்லை. அரசாங்கத்தின் கணக்கோ இன்னும் பெரிது. 1984 டிசம்பர் 4 இல் மன்னார்ச் சாலைகளிற் படையினராற் கொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். 1985 ஜனவரியில் வங்காலையிற் பங்குக்குரு மேரி பஸ்ரியன் கொல்லப்பட்டார். 1999 நவம்பரில் மடுத் திருப்பதியிற் தஞ்சமடைந்தவர்கள் மேல் எறிகணை வீழ்ந்தது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் ஆணைக்குழுவின் முன் தோன்றி, அரச அலுவலகங்களின் புள்ளிகளைக் கொண்டே, வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். கேட்ட கேள்விக்கு விடை காணாமலே 2021 இற் கண் மூடினார். ஆனால் பிறன் கடன் பெரிது என்பதனால் நம் கடன் தீர்ந்துவிடாது. அரசாங்கத்தின் கணக்கை அரசாங்கம் தீர்க்க வேண்டும்; அதற்காக நாம் வழக்காட வேண்டும். நம்முடைய கணக்கை வேறு யார் வந்து தீர்ப்பார்?

இலக்கிய உலகத்தார் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. 1926 பெப்ரவரியில் டப்ளினில் அபே நாடக அரங்கிலே ஷான் ஓகேசியின் 'ஏரும் விண்மீனும்' நடிக்கப்பட்டது. ஈஸ்டர் எழுச்சி நடந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. எழுச்சியை வீரர் கண்ணால் அல்லாது, சேரிக் குடியிருப்பிலுள்ள ஏழைப் பெண்களின் கண்ணாற் காட்டினார் ஆசிரியர். அரங்கிலே பெருங் கலவரம். எழுச்சியில் உயிர்நீத்தோரின் குடும்பத்துப் பெண்களே எதிர்த்து எழுந்தனர். கவிஞர் யேட்ஸ் மேடையேறிக் கூட்டத்தைக் கடிந்துகொண்டார். நாடகம் தொடர்ந்து நடந்தது. ஓகேசி உயிரோடு வீடு சென்றார். நம்மிடையே அத்தகைய குரல்கள் இல்லாமலில்லை. இயக்கம் ஒன்றின் உட்கொலைகளைக் கோவிந்தன் என்ற புனைபெயரில் ஒருவர் 'புதியதோர் உலகம்' நாவலில் 1985 இலேயே எழுதினார். பல்கலைக்கழக ஆசிரியையான ராஜினி திராணகம 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களுள் ஒருவர். எல்லாத் துப்பாக்கிகளின் கணக்கையும் ஒரே நூலில் எழுத முயன்றவர். 1989 செப்டெம்பர் 21 இல் யாழ்ப்பாணத்திற் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புகையிற் சுடப்பட்டு இறந்தார். ஓகேசிக்கும் ராஜினிக்கும் நேர்ந்ததிலுள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்குவது எளிதன்று. விளக்கவேண்டிய ஆசிரியர்களுள் நாமும் ஒருவர்.

"இப்பொழுது இதைப் பேசினால் எதிரிக்கு ஆயுதமாகும்" என்பர். 1990 இலும் அப்படித்தான் சொன்னார்கள். 2002 இலும் சொன்னார்கள். அந்த 2002 இலே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஏப்பிரல் 10 இற் கிளிநொச்சியில் நடந்த பெரிய பத்திரிகையாளர் சந்திப்பிலே, முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதற்கு அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் அயர்லாந்துக் குடியரசுப் படையினர், போரிற் பங்கு கொள்ளாதவர்களைக் கொன்றதற்கு மன்னிப்புக் கேட்டனர். இரண்டும் அரைகுறை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் அயர்லாந்திலே அதற்குப் பின் சில காரியங்கள் நடந்தன. 2005 இல் ஆயுதங்கள் சாட்சிகளின் முன் செயலிழக்கச் செய்யப்பட்டன. இரகசியமாகப் புதைக்கப்பட்டவர்களைத் தேட 1999 இலேயே அமைக்கப்பட்டிருந்த ஆணைக்குழுவுக்கு, புதைத்தவர்களே இடம் சொல்லலாம், சொன்னதைக் கொண்டு வழக்குத் தொடரப்படாது என்ற ஏற்பாட்டினால், பெரும்பாலோரின் எலும்புகள் கிடைத்து உறவினரிடம் சேர்ந்தன. நம்முடைய மன்னார் நகரில் 2018 இல் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று சில மாதிரிகளைச் சோதித்து 15 முதல் 17 ஆம் நூற்றாண்டு வரையினவாகக் கணித்தது; காணாமற்போனோரின் தாய்மாரின் மனம் அதனை ஒப்பவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள், அரச படையிலாயினும் சரி, இயக்கங்களின் எஞ்சியவர்களிலாயினும் சரி, வாய்திறக்கும் ஏற்பாடு ஒன்று இல்லாதவரை எந்த ஆய்வுகூடமும் அத்தாய்மாரைத் தேற்றாது.

அயர்லாந்திற் கற்கவேண்டியது இதனினும் ஆழமான ஒன்று உண்டு. 1998 ஏப்பிரல் 10 உடன்படிக்கையை நம்மவர் 'விடுதலைப் போராட்டத்தின் வெற்றி' என்று பாடுவதுண்டு. அதிலே குடியரசு விட்டுக்கொடுத்தது என்ன என்று பார்ப்பதில்லை. தீவு முழுவதும் தன் நிலம் என்று தன் அரசியலமைப்பில் எழுதிவைத்திருந்த உரிமைக் கோரலை அயர்லாந்துக் குடியரசு கைவிட்டது. தெற்கிலே நூற்றுக்கு 94 பேர் அதற்கு வாக்களித்தனர். உரிமை என்றிருந்த இடத்தில் விருப்பம் என்று எழுதிக்கொண்டனர்: வடக்கிலுள்ள பெரும்பான்மையினர் ஒப்பினாலன்றி ஐக்கியம் இல்லை. இன்று நிலைமை மாறிவருகிறது. 2021 மதிப்பீட்டில் வட அயர்லாந்திற் கத்தோலிக்கப் பின்னணியினர் முதன்முறையாகப் புரட்டஸ்தாந்தரை விஞ்சினர். 2024 பெப்ரவரியில் ஐக்கியம் கோரும் கட்சியைச் சேர்ந்த மிஷெல் ஓநீல் அங்கே முதலமைச்சரானார். எனினும் எண்ணிக்கை வந்துவிட்டது, வாருங்கள் வாக்கெடுப்புக்கு என்று எவரும் அவசரப்பட்டு வெல்ல முடியவில்லை. புரட்டஸ்தாந்தருக்கு அந்தப் புதிய நாட்டில் என்ன இடம், கொடி எது, கீதம் எது என்பனவே இன்றைய வாதங்கள்.

வடகிழக்கு இணைப்புக்கான நியாயம் வலிமையானது என்பதே நம்முடைய கட்சி. 1881 இற் கிழக்கில் நூற்றுக்கு ஐவர்கூட இல்லாதிருந்த சிங்களவர், கல்லோயா முதலிய குடியேற்றங்களின் பின் 23 ஆயினர். வடக்கும் கிழக்கும் கைகோக்கும் இடமாகிய மணலாறு 1980களில் வெலிஓயாவாயிற்று. குடியேற்றத்தைத் தீர்மானிக்கும் காணியதிகாரம் ஒரு வலிய சபையின் கையில் இருத்தல் வேண்டும் என்று கேட்பது பேராசையன்று. அதனால் நிலம் இழப்போர் தமிழர் மட்டுமல்லர், கிழக்கு முஸ்லிம்களுந்தான். ஆகவே அவர்களிடம் சென்று கேட்கத்தக்க நியாயம் நம்மிடம் இருக்கிறது. கேட்கும் தகுதியைத்தான் 1990 இல் இழந்தோம். வாக்கெடுப்பை எதிரியின் சூழ்ச்சி என்று ஒதுக்காமல், நம்முடைய கொள்கையாகவே அதனை ஏற்று, முஸ்லிம்கள் இணக்கம் சொல்லும் நாள்வரை இணைப்பை நாமே கேட்காதிருப்பது என்று தமிழ்க் கட்சிகள் எழுதிக் கொடுத்தால் என்ன? பலர் இதனைச் சரணாகதி என்பர். டப்ளினில் 94 பேர் செய்தது சரணாகதியா?

இதற்கு முன்னோடி நம்மிடமே உண்டு. அதனைப் பேசுவார்தாம் இல்லை. 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலிற் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11 இடம் கிடைத்தது. முஸ்லிம் காங்கிரசுக்கு 7. 2015 பெப்ரவரியில் ஆட்சி மாறியபோது 11 பேருடையவர் 7 பேருடையவருக்கு முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுத்தனர். நசீர் அகமட் முதலமைச்சரானார். கூட்டமைப்பினர் அவருடைய அமைச்சரவையில் அமர்ந்தனர். இணைப்பு என்ற சொல் அந்த ஏற்பாட்டில் இல்லை. ஒரு மேசை இருந்தது. 2017 செப்டெம்பரிற் சபையின் காலம் முடிந்தது. மறு ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலமும் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல ஆளுநர்களின் கீழேயே கழிந்தன. கிழக்கின் அந்த இரண்டரை ஆண்டுகளின் வரலாற்றை, மட்டக்களப்பு ஆசிரியர் ஒருவரும் சாய்ந்தமருது ஆசிரியர் ஒருவருமாக இருந்து எழுதுவார்களாயின், முதற்படிக்கு முன்பணம் கட்ட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.